வீட்டில் தங்கியிருப்போர் விபரம்

கம்பஸ் நலன்புரிப் பிரிவில் வேலை செய்யும் உதயரூபன் ஒரு மாதம் மண்டையை உடைத்து எழுதிய கையேடு அது. 'வெளிநாட்டு மற்றும் வருகை மாணவர்களுக்கான வழிகாட்டி' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. உள்ளே பன்னிரண்டு விதிகள். தன்னாமுனையில் செசீலியாவின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, யப்பானில் இருந்து ஆறு மாதப் படிப்புக்கு வந்திறங்கிய அயுமி என்ற பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டினான். மூன்றாம் விதி முடியுமுன்பே செசீலியா குறுக்கே விழுந்துவிட்டாள்.

"தம்பி, குறை நினைக்காதங்க. இதில மழையப் பத்தி ஒண்டும் காணல்லியே?"

"மழையப் பத்தி என்னத்த அக்கா எழுதுற?"

"என்னத்தயா? ஐப்பசி பிறந்தா இஞ்ச எப்பிடிப் பேயும் எண்டு இந்தப் புள்ளைக்கு ஆரு சொல்லுற? பாஸ்போட்டக் கையோட வச்சிருக்கட்டாம் எண்டு எழுதியிரிக்கீங்க. பொலித்தீன் பையில சுத்தி வைக்கட்டாம் எண்டு எழுதல்ல. மறுகா நனைஞ்சு கூழாப் போனா நீங்களா அடிச்சுக் குடுப்பீங்க?"

உதயரூபன் பேனாவைத் தேடினான். அதற்குள் அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இஞ்ச பார் மகள். கொதிக்க வைக்காத தண்ணி குடிக்கப்படா. ஆமிச் சென்றியடியில நிண்டு கமெராவத் தூக்கப்படா, அது ஆத்தப் படம் எடுக்கவெண்டாலும் சரி. ஆமிக்காரன் கேட்டா சிரிக்கவும் வேணா, முறைக்கவும் வேணா. ஆறு மணிக்கு மேல தனிய றோட்டில நடக்கப்படா. முக்கியமா, சாப்பாடு போதாட்டி வாய் திறந்து கேக்க வேணும். இஞ்ச கேக்காத புள்ளைக்கு ஒண்டும் கிடையாது."

அயுமி ஒசாகாவில் இரண்டு வருடம் புத்தகத்தில் தமிழ் படித்தவள். எழுந்து நின்று குனிந்தாள். "தங்கள் அறிவுரைகள் அனைத்தையும் மனத்தில் இருத்திக்கொள்வேன், அம்மா" என்றாள். விறாந்தை மூலையில் வலை பொத்திக்கொண்டிருந்த அவள் கணவர் ஜெயராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோயிலில் பங்குச் சுவாமி பிரசங்கம் வைப்பதுபோல இருந்தது அவருக்கு.

அன்று மத்தியானம் செசீலியா பெரிய உபசாரமாக, திலாப்பியாவுக்கு ஊரில் வழங்கும் பேரான யப்பான் மீனில் குழம்பு வைத்தாள். தங்கள் ஊர் மீனைத் தின்றால் பிள்ளைக்கு வீட்டு நினைவு கொஞ்சம் ஆறும் என்பது அவளுடைய கணக்கு. அந்த மீனைத் தன் பிறப்பில் கண்டதில்லை என்று அயுமி சொன்னபோது செசீலியா நம்பவில்லை. வெட்கத்தில் சொல்லுது என்று இன்னொரு துண்டைப் போட்டாள்.

இது 2009 ஆடியில் நடந்தது. யுத்தம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்குவது புதிதில்லை. மன்னார், ஹட்டன், மூதூர் என்று எங்கெங்கோ இருந்து கம்பஸுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஒன்பது வருடமாக அங்கே மாறி மாறித் தங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் செசீலியாதான் தாய், காவல், கையேடு. காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள், வீட்டுக் கவலை என்றால் அவர்களோடு சேர்ந்து தானும் அழுவாள். ஊரார் பிள்ளைகளை இவ்வளவு பார்த்தால், தன் பிள்ளையை எங்கோ ஒருத்தி பார்க்காமலா விடுவாள் என்று சொல்லிக்கொள்வாள். அவள் அப்படிச் சொல்லும் நேரமெல்லாம் ஜெயராஜாவுக்கு அந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்.

அவர்களுக்கு ஒரே மகன், மேர்வின். 2004இல், சுனாமியாகக் கடல் வந்த வருடம், அவனுக்குப் பதினேழு வயது. கிறிஸ்து பிறப்பான நத்தார் இரவு, கடற்கரையை ஒட்டிய நாவலடியில் மாமி வீட்டுக்குக் கேக் கொண்டுபோனவன், அங்கேயே படுத்துவிட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. மாமி வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. மேர்வினைக் கண்டதாகவும் முதல் இரண்டு நாள் ஒருவரும் சொல்லவில்லை.

ஜெயராஜா கண்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நத்தாருக்கு ஒரே துணியில் தகப்பனுக்கும் மகனுக்கும் சேட்டு. ஏறாவூரில் முத்தலிப் என்ற தையற்காரர்தான் தைப்பார். அந்த வருடம் நீலத்தில் வெள்ளைக் கட்டம். கடல் வந்த மூன்றாம் நாள், சவம் புதைக்கப் போன ஆட்களோடு ஆளாக ஜெயராஜா நாவலடி மணலில் நின்றார். பண்டிகைக்குப் போட்ட சேட்டை மாற்ற நேரமில்லாமல் அதோடுதான் மூன்று நாளும் அலைந்தார். தான் போட்டிருந்த அதே சேட்டோடு ஒருவன் மணலில் குப்புறக் கிடந்ததை அங்கேதான் கண்டார். புரட்டிப் பார்த்தார். தோண்டிய கிடங்கு தயாராக இருந்தது, நாற்றம் தாங்க முடியவில்லை, மண் தள்ளும் மெசின்காரன் அவசரப்பட்டான். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் வந்ததும், அந்த முகத்தைச் செசீலியா காணக்கூடாது என்ற எண்ணமும் கூடவே வந்தது. தன் கையாலேயே இறக்கி, மண் போட்டார்.

சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தார். வாசலில் சனம். மீன் விற்கிற ஒருத்தி, மேர்வினைப்போல ஒரு பொடியன் காயத்தோடு லொறியில் ஏறியதைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டு நின்றாள். இயக்கத்துப் பொடியன்கள்தான் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் இறங்காத செசீலியா, அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டார் தந்த சோற்றை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கணவனைக் கண்டதும் வாயில் சோற்றோடு, "இஞ்சாருங்க, புள்ள இரிக்கானாம்" என்றாள்.

ஜெயராஜா வாசலிலேயே நின்றார். தின்று முடிக்கட்டும், நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தார். அடுத்த நாள் அவள் கொஞ்சம் தூங்கியும் எழும்பினாள். நாளை, நாளை என்று அந்த நாளைக்கு ஐந்து வயதாகப் போகிறது. தன் சேட்டில் கல்லைக் கட்டி ஆற்றில் போட்டுவிட்டு, முள்ளில் கிழிந்ததாகச் சொன்னார். செசீலியா அதற்கும் வழி கண்டாள். அடுத்த நத்தாருக்கும் இரண்டு சேட்டுக்குத் துணி எடுத்தாள். "இப்ப தோள் விரிஞ்சிரிக்கும் முத்தலிப் காக்கா, ஒரு இஞ்சி கூட்டி வையுங்க" என்றாள். வருடா வருடம் ஒரு அங்குலம் கூட்டினாள். மடிப்புக் குலையாத நாலு சேட்டு அலுமாரியில் கிடக்க, அவற்றின் சோடியைப் போட்டுக்கொண்டு ஜெயராஜா நாலு நத்தார்ப் பூசை கண்டார். மனிதனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

ஐப்பசி நடுவில், ஒரு புதன்கிழமை, உதயரூபன் புதிய படிவம் ஒன்றோடு வந்தான். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. படிவத்தைப் பொலித்தீன் பையில் சுத்தியிருந்தான். செசீலியாவின் புத்திமதி ஒருவனுக்காவது ஏறியிருந்தது.

"வெளிநாட்டுப் புள்ளைகள வச்சிருக்கிற வீடெல்லாம் இத நிரப்பித் தரவேணுமாம் அக்கா. 'வீட்டில் தங்கியிருப்போர் விபரம்.' பேர், வயசு, தொழில். வீட்டுப் பதிவில பேரிருந்து ஆள் இல்லாட்டி, ஏன் இல்லை எண்டு காரணம். குடும்பத் தலைவர் ஒப்பம் வைக்கவேணும். வெள்ளிக்கிழமை தராட்டி அயுமிய டவுனுக்கு மாத்திருவாங்க."

"இந்தப் புள்ளைய மாத்துறதோ? அங்க ஆரு பாப்பா?" என்று பாய்ந்தாள் செசீலியா. "குடுங்க இஞ்ச. ஜெயராஜா. செசீலியா. மேர்வின்."

உதயரூபன் தலையைச் சொறிந்தான். "அதுதான் அக்கா கதைக்க வந்தனான். முந்தி 'மாணவன், கொழும்பில' எண்டு போட்டுச் சமாளிச்சம். இப்ப இது பொலிசுக்கும் போகுது. கொழும்பில எங்க எண்டு கேப்பாங்க."

"அப்ப காணாமல் போனவர் எண்டு எழுதுங்க. தேடுறம் எண்டு எழுதுங்க."

"ஐயோ அக்கா! இருவத்திரெண்டு வயசுப் பொடியன் காணாமல் போனவன் எண்டு எழுதினா இந்த நேரத்தில என்ன கேப்பாங்க எண்டு தெரியாதா? எப்ப போன, ஆரோட போன, இயக்கத்தில இருந்தவனா எண்டு வீட்டுக்கு வருவாங்க."

"வரட்டும் தம்பி. கேக்கட்டும். கேட்டாத்தானே தேடுவாங்க? சண்டை முடிஞ்சிது, பிடிபட்ட புள்ளைகளையெல்லாம் வவுனியாவில முகாம் முகாமா வச்சிரிக்காங்களாம். என்ட புள்ள அதில ஒண்டில இரிக்கான். சனிக்கிழமை நான் போறன். இந்தப் புள்ளையும் வாறாவாம்."

எல்லாரும் அயுமியைப் பார்த்தார்கள். அவள் மேர்வினின் படத்தை, கழுத்துப்பட்டி கட்டிய பள்ளிக்கூடப் படத்தை, நோட்டுப் புத்தகத்தின் நடுவில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"ஆம், நான் அம்மாவுடன் செல்கிறேன். நான் வெளிநாட்டவள். ஆகவே வாசலில் என்னைத் திருப்பி அனுப்பத் தயங்குவார்கள்."

"ஏழாம் விதிய மறந்திட்டீங்களா?" உதயரூபனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "படிப்புக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகப்படா. உங்கட விசாவ ரத்துப் பண்ணித் திருப்பி அனுப்பிருவாங்க. ஜெயராஜா அண்ணன், நீங்களாவது சொல்லுங்க."

ஜெயராஜா வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மழை விடட்டும், பாப்பம்" என்றார். மழை விட்டு என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியாது.

வியாழன் விடிந்ததும் வழக்கம்போல அயுமியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். அவளுடைய படிப்பு ஆற்றுத் தண்ணீரில் உப்பை அளப்பது. ஆற்றை மணலால் அடைத்திருக்கும் முகத்துவாரத்தை வெட்டுமுன் எவ்வளவு, வெட்டிக் கடல் உள்ளே வந்தபின் எவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வயல் வெள்ளம் இறங்கி ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. அவர் வலையை வீசி இழுக்க, அவள் போத்தலில் தண்ணீர் அள்ளி ஒரு சின்னக் கருவியை அதற்குள் விட்டாள்.

"உப்பு மிகவும் குறைந்துவிட்டது, ஐயா."

"வெள்ளம் வந்திட்டுதெல்லோ. இறால் கடலப் பாத்து ஓடுற காலம் மகள் இது. இப்ப பிடிச்சாத்தான்."

இரண்டு வீச்சுக்குப் பிறகு அவள் எழுதுவதை நிறுத்தினாள். "நான் ஒன்று கேட்கலாமா? அம்மா ஒவ்வொரு நாளும் தங்கள் மகனைத் தேடுகிறார். செய்தித்தாளில் தேடுகிறார், பேருந்தில் வருபவர்களிடம் கேட்கிறார். தாங்கள் தேடியதை இந்த மூன்று மாதத்தில் நான் ஒரு முறையும் காணவில்லையே."

"நான் ஆத்துக்கு வராட்டி அடுப்பு எரியாதே மகள்."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குப் பொய்யைச் சந்தேகப்படத் தெரியாது.

"சரி ஐயா. தாங்கள் கவலைப்பட வேண்டாம். முதல் முகாமில் அவர் இல்லாவிட்டால் இரண்டாம் முகாமுக்குப் போவோம். அங்கும் இல்லாவிட்டால் அடுத்ததற்கு. எத்தனை முகாம் இருந்தாலும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். விசா போனாலும் பரவாயில்லை. என் தாய் என்னைத் தேடி வந்தால் யாராவது அவர் கையைப் பிடிக்க வேண்டும் அல்லவா?"

ஜெயராஜா வலையைத் தோணிக்குள் போட்டார். முள்ளுக்கம்பி வாசல்களில் இரண்டு பெண்கள் படத்தை நீட்டிக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் வந்தது. ஒருத்தி அவருடைய மனைவி, மற்றவள் யாரோ பெற்று நம்பி அனுப்பிய பிள்ளை. தன்னுடைய ஒரு வாய்ப் பொய் ஊரார் வீட்டுப் பிள்ளையின் படிப்பையும் தின்னப் போகிறது.  அரைவாசி மீன்பாடு கிடைக்குமுன்பே துடுப்பைப் போட்டுத் தோணியைத் திருப்பினார்.

அடுக்களையில் செசீலியா செத்தல் மிளகாய் வறுத்து, கூனிக் கருவாட்டோடு உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழமைக்குப் பழுதாகாத சம்பல். மிளகாய் நெடி வீடெல்லாம் தும்ம வைத்தது.

"வந்திட்டீங்களா? இவ்வளவு கெதியா? இதப் போத்தலில போட்டுக் குடுத்தா முகாமுக்குள்ள விடுவாங்களாமா? அங்க பருப்பும் சோறும்தானாம். அவன் பருப்பத் திரும்பியும் பாக்கமாட்டானே."

"செசீலி, உலக்கைய வை."

"இன்னும் ரெண்டு இடி."

"நீ வவுனியாக்குப் போகவேணா. அவன் அங்க இல்ல."

"நீங்க எப்ப நல்ல வார்த்தை சொல்லியிரிக்கீங்க? எல்லாத் தகப்பன்மாரும் ஓடித் திரியுறாங்க. நீங்க ஒராள்தான்..."

"நான் அவனக் கண்டன் புள்ள." அவர் உலக்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடல் வந்து மூண்டாம் நாள். நாவலடியில. என்ட சேட்டுத்தான் போட்டிருந்தான். நான்தான் மண் போட்டுத் தாட்டன். என்ட இந்தக் கையால."

உலக்கை அவள் கையில் நின்றுவிட்டது. அடுக்களை வாசலில் அயுமி ஈரக் காலோடு நின்றாள். அவளுக்கு அந்தப் பேச்சுத் தமிழ் முழுக்க விளங்கியதோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முகத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் செசீலியா.

"பாத்தன்."

"அவன்தானா?"

"அவன்தான்."

"அண்டைக்கு நான் சோறு திண்டுக்கிட்டிருந்தன்" என்றாள். "நீங்க வந்து வாசலில நிண்டீங்க. கையெல்லாம் மண். எனக்கு இப்பவும் கண்ணில நிக்குது. நீங்க பாத்துக்கிட்டு நிண்டீங்க, நான் திண்டன்."

"மூண்டு நாளா நீ தின்னல்ல. அதுதான் நான்..."

"அஞ்சு வருசம் திண்டிரிக்கன்."

அவர் அடி விழும் என்று எதிர்பார்த்தார். ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சம்பலை வழித்துப் போத்தலில் போட்டாள், உரலைக் கழுவிக் கவிழ்த்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜெயராஜா பகல் முழுக்க அந்தக் கதவடியில் இருந்தார். அயுமி மட்டும் தேத்தண்ணி கொண்டு போனாள், வெறும் கோப்பையோடு திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை செசீலியா வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. படிவத்தை மேசையில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்து, முன்னால் நின்றாள். ஜெயராஜா எழுதினார். ஜெயராஜா. செசீலியா. அயுமி. நாலாம் கோட்டில் மேர்வின் என்று எழுதி, காரணம் என்ற இடத்தில், கடலில் இறந்துவிட்டார் என்று எழுதினார். முந்தின பதிவில் பேர் இருப்பவனை எழுதாமல் விட முடியாது. ஒப்பம் வைத்தார். உதயரூபன் வாங்கி வாசித்தான், இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பொலித்தீன் பையில் சுத்திக்கொண்டு போனான்.

அவள் ஜெயராஜாவோடு பேசவில்லை. சோறு போட்டாள், கறி வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. தேவை வந்தால் அயுமியின் வழியாகத்தான்.

"மகள், கோழிக்கூட்டச் சாத்தச் சொல்லு."

"ஐயா, கோழிக்கூட்டைச் சாத்துமாறு அம்மா கூறுகிறார்."

வேறொரு நேரமென்றால் தெருவே சிரித்திருக்கும்.

சனிக்கிழமை காலையில், வவுனியா பஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில், செசீலியா வெள்ளைச் சாறி உடுத்து, பையோடு முற்றத்தில் இறங்கினாள்.

"மகள், தோணிய இறக்கட்டாம் எண்டு சொல்லு. நாவலடிக்கு."

அயுமி தயங்கினாள். "அம்மா, ஏழாம் விதி..."

"ஆறு முழுக்க உன்ட படிப்புத்தானே. தண்ணி அள்ளுற போத்தலையும் எடுத்துக்கிட்டு வா."

மூன்று பேரும் போனார்கள்.  முகத்துவாரம் முந்தின நாள்தான் வெட்டியிருந்தார்கள். வெள்ளம் கடலுக்கு இரைந்துகொண்டு போனது. அதற்கு இப்பால் கரை தட்டி, தோணியைக் கட்டிவிட்டு, மணல் திட்டில் ஏறினார்கள். வீடு இருந்த இடங்களில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அதற்கும் அங்கால் சவுக்கு நட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. ஜெயராஜா முன்னால் நடந்தார். அவருக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பகல் தொழில் என்று பொய் சொல்லி எத்தனை தடவை வந்திருப்பார்.

ஒரு இடத்தில் நின்றார். செசீலியா பையைக் கீழே வைத்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு நேராக அவரிடம் கேட்டாள்.

"இவடத்திலயா?"

"ஓம். அப்ப சவுக்கு இல்ல. வெறும் மணல்."

"தனியவா?"

"இல்ல. நாப்பது பேருக்கு மேல."

"என்னத்தால மூடின?"

"ஒரு சாறம் கிடைச்சிது. அதால சுத்தினன்."

அவள் தலையை ஆட்டினாள். கடலை ஒருமுறை பார்த்தாள். அது தன் பாட்டில் கிடந்தது.

"அவன் பக்கத்தில ஆரு?"

ஐந்து வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. அவர் மட்டும் அதற்கு விடை வைத்திருந்தார். சொல்ல ஓர் ஆள் இல்லாமல் வைத்திருந்தார்.

"மெசின்காரன் கண்டபடி போடப் பாத்தான். நான் விடல்ல. இடம் பாத்து நான்தான் கிடத்தினன். ஒரு பொம்புளை கிடந்தா. பச்சைச் சாறி. உன்ட வயசுதான் இரிக்கும். அவட பக்கத்தில வச்சன், கை முட்டுற மாதிரி."

"அவட பேரென்ன?"

"தெரியா."

"எந்த ஊர்?"

"தெரியா புள்ள. அவவ ஆரும் தேடி வரல்ல."

செசீலியா மணலில் இருந்தாள். மகனுக்கென்று காட்டிய இடத்தில் ஒரு கையை வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து, மற்றக் கையை அதற்குப் பக்கத்து மணலில் வைத்தாள். பிறகுதான் கண்ணீர் வந்தது.

"அஞ்சு வருசமா என்ட புள்ளைய அவதான் வச்சுப் பாத்திரிக்கா" என்றாள். "பேரையும் கேட்டு வைக்காம வந்திட்டீங்களே, மனிசா."